வக்வா – கங்கா தலாவ் – ஷாமரெல்: சந்தடியில்லாமல் 2 நாள் சைக்கிள் சுற்று, எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

இரட்டைமிதி கேட்டது:

வணக்கம். ஆகஸ்ட் நடுவில் வாரநாள் இரண்டை ஒதுக்கி, நானும் அக்காவும் சைக்கிளில் மொரீஷியஸின் மேட்டுநிலம் சுற்றிவரலாம் என்றிருக்கிறோம். வேகம் முக்கியமில்லை. காடு, ஏரி, பறவைச் சத்தம் போதும்; வேன் ஹாரன் வேண்டாம்.

போட்டு வைத்திருக்கிற வழி: வக்வாவில் கிளம்பி மார் ஓ வக்வா, லெ பெத்ரான், பிளேன் ஷாம்பாஞ், ஷாமரெல், பே டு காப்பில் ராத்தங்கல். மறுநாள் கரையோரமாக சூயாக், அங்கிருந்து மேலேறி புவா ஷேரி, கங்கா தலாவ் கோயில் ஏரி, திரும்ப வக்வா. மொத்தம் 90 கி.மீ. சுமார் வரும்.

என் சைக்கிள்: பல்சக்கரத்தில் முன்னால் 46/30 பல், பின்னால் 11-34 பல், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். அக்காவுடையது பழைய ஹைப்ரிட்: முன்னால் 48/38/28, பின்னால் 14-34, ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக். இரண்டிலும் 35 மி.மீ. டயர். ஆளுக்குப் பத்து கிலோ சாமான்.

கேட்க வேண்டியவை: இந்தத் திசை சரியா? அக்கா சைக்கிளின் கியர் ஏற்றத்துக்குத் தாங்குமா? தார்ச்சாலையை விட்டு மக்காபே, மார் லோங் பக்கம் காட்டுக்குள் போகலாமா? மழைக்கு என்ன முன்னேற்பாடு?

—

தேயிலைமேடு எழுதியது:

வழி சரி, திசைதான் தப்பு. அப்படியே திருப்பிப் போடுங்கள்: முதல் நாள் கங்கா தலாவ், புவா ஷேரி, சூயாக், பே டு காப். இரண்டாம் நாள் ஷாமரெல் ஏறி, பிளேன் ஷாம்பாஞ் வழியாக வீடு.

முதல் காரணம் வண்டிகள். லெ பெத்ரானுக்கும் ஷாமரெலுக்கும் நடுவே தார்ச்சாலை ஒன்றே ஒன்றுதான். ஒதுங்கிப் போகச் சந்து கிடையாது. ஆள் நடமாட்டமில்லாத ரோட்டை அங்கே தேடிப் பயனில்லை, ஆள் நடமாட்டமில்லாத நேரத்தைத்தான் பிடிக்க வேண்டும். கடற்கரை ஓட்டல்களில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பும் வேன்கள் ஒன்பதரை, பத்துக்கு மேல் ஷாமரெலின் ஏழு வண்ண மண் பக்கம் வந்து சேரும். நீங்கள் சொன்ன திசையில் போனால், வக்வாவில் ஏழு மணிக்கு மிதித்தாலும் சரியாக அந்தக் கூட்டம் ஏறிவரும் வேளையில் ஷாமரெல் வளைவுகளில் இறங்கிக்கொண்டிருப்பீர்கள். திருப்பிச் சுற்றினால், ஆகஸ்டில் ஆறரை வாக்கில் விடிகிறது, அப்போதே பே டு காப்பில் கிளம்பி எட்டரைக்குள் ஷாமரெல் ஊரைத் தாண்டிவிடலாம். அதற்கு மேல் 15 கி.மீ. காடு. வேன்கள் வருவதற்குள் பாதிக் காடு உங்கள் பின்னால் போயிருக்கும்.

இரண்டாவது காற்று. ஆகஸ்ட் இங்கே குளிர்காலம், தென்கிழக்குக் காற்று விடாமல் அடிக்கும். சூயாக்கிலிருந்து பெல் ஓம்ப்ர், பே டு காப் என்று மேற்கே போனால் முதுகைத் தள்ளும். எதிர்த்திசையில் வந்தால் அதே 16, 17 கி.மீ.யை மூஞ்சியில் வாங்க வேண்டும். கரையோரத்தில் மறைப்பும் குறைவு. திருப்பிச் சுற்றுவதால் பிளேன் ஷாம்பாஞ்சில் எதிர்காற்று வரும் என்பது உண்மை. ஆனால் அங்கே பாதித்தூரம் மரச்சுவர் இருக்கிறது, ஏற்றத்தில் வேகமும் குறைவு, ஆகையால் அவ்வளவாக உறைக்காது.

இனி தூரமும் ஏற்றமும். வக்வா ஊரே கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து லெ பெத்ரான் சுமார் 12 கி.மீ., ஏற்றம் 250 மீட்டருக்குள். சீராக ஏறும், யாரும் பயப்பட வேண்டாம். வழியில் இடது வலதாக பைன், யூகலிப்டஸ் தோப்புகள், அதற்கப்பால் மார் ஓ வக்வா. தீவின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் அதுதான். குடிநீர் என்பதால் குளிக்க இறங்கக் கூடாது. காலை எட்டுக்கு முன் தண்ணீர் மேல் ஆவி படிந்திருக்கும், சத்தமே இருக்காது. அங்கே அரை மணி உட்காருங்கள், கணக்கில் சேர்த்தே சொல்கிறேன்.

லெ பெத்ரானிலிருந்து கங்கா தலாவ் மூன்று கி.மீ. அகலமான ரோடு, சிவராத்திரிக் கூட்டத்துக்காக அகலப்படுத்தியது. மற்ற நாளில் காலியாகக் கிடக்கும். (சிவராத்திரி வாரத்தில் தீவு முழுக்கக் கன்வார் என்ற அலங்காரச் சட்டத்தைச் சுமந்து நடந்து வருவார்கள், அப்போது இந்தப் பக்கம் சைக்கிள் எடுக்காதீர்கள்.) சைக்கிளைப் படித்துறைக்குக் கொண்டுபோகாமல் வண்டி நிறுத்துமிடத்திலேயே பூட்டிவிட்டுப் போங்கள். பிளாஸ்டிக் பையில் பழத்தை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் திரும்பி வரும்போது பையும் இருக்காது, பழமும் இருக்காது. மேலே மரத்தில் குரங்கு உரித்துக்கொண்டிருக்கும். தின்பண்டம் எல்லாம் வாய் சுருட்டி மூடும் பைக்குள் இருக்கட்டும்.

அங்கிருந்து புவா ஷேரி தேயிலைத் தோட்டம். 1892-இல் போட்ட தோட்டம் அது, பக்கத்தில் சின்ன ஏரியும் உண்டு. பிறகு சூயாக் வரை இறக்கம்தான். இறக்கம் இதமானது, ஆனால் ஆகஸ்ட் கரும்பு வெட்டும் காலம். லாரியிலிருந்து விழுந்த கரும்பு ரோட்டில் குறுக்கே கிடக்கும். அதை நேர்க்கோட்டில் ஏறித் தாண்டுங்கள், சாய்வாக ஏறினால் கரும்பு உருண்டு முன்சக்கரத்தைப் பிடுங்கிவிடும். லாரி பின்னால் வந்தால் சங்கடப்படாமல் ஓரம் ஒதுங்கி நின்றுவிடுங்கள்.

இரண்டாம் நாள் தண்ணீரும் சாப்பாடும் பே டு காப்பிலோ ஷாமரெலிலோ வாங்கியாக வேண்டும். ஷாமரெல் தாண்டினால் லெ பெத்ரான் வரை கடை கிடையாது. பார்வை மேடைகளில் மிளகாய் உப்புப் போட்ட அன்னாசி விற்பவர் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம், நம்பிப் போகாதீர்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், நாலு தால்பூரி (பருப்பு அடைத்த ரொட்டி).

மூடுபனிக்கு ஒரு சோதனை: கங்கா தலாவில் நிற்கும் மங்கள மகாதேவர் சிலை 33 மீட்டர் உயரம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து அது தெரியாத அளவுக்குப் பனி இறங்கியிருந்தால் மேட்டு ரோடு முழுக்க அப்படித்தான் இருக்கும். பின்விளக்கைப் போடுங்கள், பக்கத்தில் பக்கத்தில் ஓட்டாமல் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள், அக்கா முன்னால்.

—

ஆலன்கீ எழுதியது:

திசை பற்றி அண்ணன் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், பிரேக் காரணத்தை மட்டும் சேர்க்கிறேன். ஆள், சைக்கிள், சாமான் சேர்த்து 95 கிலோ என்று வையுங்கள். ஷாமரெலிலிருந்து மேற்குக் கரையிலுள்ள கேஸ் நொயால் பக்கம் இறங்கினால் நாலைந்து கி.மீ.க்குள் 280 மீட்டர் இறக்கம். அந்த எடை அவ்வளவு இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் சுமார் 260 கிலோஜூல். முக்கால் லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், ஆனால் வளைவுகளில் வேகம் எடுக்க விடமாட்டீர்களே, ஆகையால் பெரும்பகுதி ரிம்மில்தான் இறங்கும். வி-பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வந்தால் ரிம் சுட்டு, உள்ளே டியூபில் காற்றழுத்தம் ஏறும். அதை ஏறிப் போவது எவ்வளவோ மேல். எந்த இறக்கமானாலும் வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். லேசாகப் பிடித்தபடி தேய்ப்பதுதான் கெடுதல்.

இப்போது அக்கா சைக்கிள். 28 பல்லுக்கு 34 பல், 35 மி.மீ. டயர் சுற்றளவு 2.17 மீட்டர்: ஒரு மிதிச்சுற்றுக்கு 1.79 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 6.4 கி.மீ. 10 சதவீத ஏற்றத்தில் 95 கிலோவை அந்த வேகத்தில் தள்ள ஏறக்குறைய 180 வாட் வேண்டும். பழக்கமில்லாத காலுக்கு அது பத்து நிமிட வேலை, ஒரு மணி நேர வேலையல்ல. 60-க்குக் கீழே மிதித்தால் வாட் குறையும், ஆனால் அதே கியரில் முழங்காலில் விழும் பாரம் குறையாது.

முன்னால் இருக்கும் 28-ஐ 24 ஆக்கினால் அதே 60 சுற்றில் மணிக்கு 5.5 கி.மீ., 155 வாட். வித்தியாசம் ஏற்றத்தில் நன்றாகத் தெரியும். ஆனால் மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். சைக்கிளைப் படுக்க வைத்து, சின்னப் பல்சக்கரத்தை உள்பக்கத்திலிருந்து பாருங்கள். ஆலன் கீ நுழையும் போல்ட் நாலு இருந்தால் கழற்றலாம்; எதிரெதிர் போல்ட் இரண்டின் நடுவுக்கு நடு 64 மி.மீ. இருக்கும் வகைக்கு 24 பல் கிடைக்கும். போல்ட்டுக்குப் பதில் மொட்டையாக ரிவெட் அடித்திருந்தால் (48/38/28 வகையில் நிறைய அப்படித்தான்) தனியாகக் கழற்ற வராது, கிராங்க் செட்டையே மாற்ற வேண்டும். இரண்டு நாளுக்காக அந்தச் செலவு வேண்டாம். பத்து கிலோ சாமானில் ஆறு கிலோவை உங்கள் சைக்கிளுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். அப்படியும் முடியாத ஏற்றத்தில் அவர் இறங்கித் தள்ளட்டும். மணிக்கு நாலு கி.மீ.யில் தள்ளுவதற்கும் ஐந்தரையில் மிதிப்பதற்கும் பெரிய நேர வித்தியாசம் இல்லை.

24 போட்டால் ஒரு எச்சரிக்கை: முன்னால் சின்னது, பின்னால் சின்னது சேர்க்கையில் செயின் தொளதொளக்கும். பின்கியர் கை அவ்வளவு தளர்வை இழுத்துப் பிடிக்காது. அந்தச் சேர்க்கையை விட்டுவிடுங்கள். செயினை மட்டும் குட்டையாக்காதீர்கள். குட்டையாக்கி, மறந்துபோய் பெரியதுக்குப் பெரியது மாற்றினால் பின்கியரே முறுக்கிக்கொண்டு ஸ்போக்ஸுக்குள் போகும்.

கிளம்புமுன் பார்க்க வேண்டியது: வி-பிரேக் கட்டையில் பள்ளக்கோடு இன்னும் தெரிய வேண்டும், மழமழவென்று இருந்தால் மாற்றுங்கள். ஈரத்துக்கு சால்மன் நிறக் கட்டை நன்றாகப் பிடிக்கும். டிஸ்க் பேடில் உலோகத் தகடு நீங்கலாகப் பொருள் மட்டும் அரை மி.மீ.க்கு வந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான், ஒரு மி.மீ. இருந்தால்கூட இந்தச் செம்மண் ஈரத்தில் கூடுதல் ஜோடி ஒன்று பையில் இருக்கட்டும். காற்று: பின்னால் 50 பிஎஸ்ஐ, முன்னால் 42. பெட்ரோல் பங்கில் அடிப்பதானால் ஒல்லி வால்வுக்கு அடாப்டர் வேண்டும். அங்கே பெரிய குழாய், ஒரு நொடி அழுத்தி எடுத்துப் பாருங்கள், ஒரேயடியாக அடைத்தால் டியூப் போய்விடும்.

பின் கேரியர் போல்ட் நாலையும் இறுக்கி, பக்கத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். ஐம்பது கி.மீ.க்கு ஒருமுறை கோடு நகர்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தால் போதும்.

—

பாசிப்பாதை எழுதியது:

காட்டுப்பாதை பற்றி. லெ பெத்ரானில் இந்தக் காட்டுத் தேசியப் பூங்காவின் தகவல் நிலையம் இருக்கிறது. எந்தப் பாதையில் சைக்கிள் விடுகிறார்கள் என்று அன்றைக்கு அங்கே கேட்டுவிட்டு நுழையுங்கள்; மழைக்குப் பின் மரம் விழுந்து மூடிய பாதையும் அங்கேதான் தெரியும். மக்காபே காட்டுப்பாதை போக வர 14 கி.மீ.; வண்டி போகுமளவு அகலம், பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. கடைசியிலிருக்கும் பார்வைக் குடில் வரை போய்த் திரும்புங்கள். அதற்கப்பால் பிளாக் ரிவர் பள்ளத்தாக்குக்கு இறங்கும் தடம் சாமான் ஏற்றிய சைக்கிளுக்கானதல்ல. வேர், பாறை, செங்குத்து. இறங்கினால் பிரேக் பிடித்தபடி சறுக்குவீர்கள், ஏறிவருவது சைக்கிளைச் சுமந்துதான். பாராக்கீட் தடமும் அப்படியே. மார் லோங் நீர்த்தேக்கப் பாதை போக வர 12 கி.மீ., உங்களுக்கு இதுதான் பொருத்தம். இரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம், முதல் நாள் சாமானைக் குறைத்துக்கொண்டால் மார் லோங் மட்டும் சேர்க்கலாம்.

இந்தத் தடங்களில் விழுபவர்கள் சேற்றில் விழுவதில்லை, சேறு கண்ணுக்குத் தெரியும். நிழலில் நனைந்த கல்லின் மேல் கரும்பச்சையாக ஒரு மெல்லிய பாசி படரும். பார்க்க வெறும் ஈரக் கல் மாதிரி இருக்கும். அதன் மேல் திருப்பவும் கூடாது, முன்பிரேக் தொடவும் கூடாது. ஹேண்டிலை நேராக வைத்து, மிதிப்பதை நிறுத்தி, உருண்டு கடக்க வேண்டும். டயர் காற்றை லெ பெத்ரானில் பத்து பிஎஸ்ஐ இறக்கிவிட்டு நுழைந்து, வெளியே வந்ததும் கைப்பம்பால் ஏற்றுங்கள்.

ஓரப் புதரில் கைவிட்டு வழி ஒதுக்காதீர்கள். மஞ்சள் குளவி இலைக்கடியில் கூடு கட்டியிருக்கும், ஒன்று கொட்டினால் கூட்டமே வரும். சைக்கிளைப் புதரில் சாய்த்து நிறுத்தும்போதும் இதே கவனம். ஒவ்வாமை உள்ளவர் மருந்து இல்லாமல் வர வேண்டாம். ஆம்புலன்ஸுக்கு 114, பள்ளத்தாக்கு ஓரத்தில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், மேட்டுக்கு ஏறி அழையுங்கள். ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள். எலி, மான், குரங்கு எல்லாம் மேலே இருக்கின்றன. வேலியும் கேட்டும் போட்ட தனியார் நிலத்துக்குள் நுழையவே கூடாது, குளிர்காலம் அங்கே மான் வேட்டைக் காலம்.

பறவைக்காகத்தானே போகிறீர்கள்: மிதிக்காமல் உருளும்போது பின்சக்கர ஃப்ரீவீல் போடும் டிக்டிக் சத்தமே கிளியை விரட்டும். ஒரு வளைவு தாண்டியதும் சைக்கிளை நிறுத்தி பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். மொரீஷியஸ் கெஸ்ட்ரல் என்ற சின்ன வல்லூறு 1974-இல் காட்டில் நாலுதான் என்று எண்ணப்பட்ட பறவை. அதையெல்லாம் ஓட்டிக்கொண்டே பார்க்க முடியாது.

—

நேர்ரோடு எழுதியது:

எல்லோரும் ஆகஸ்ட் வாரநாளை மட்டும் வைத்துப் பேசுகிறீர்கள். இதையே பிறகு யாராவது மே மாதம் ஞாயிற்றுக்கிழமை படித்துவிட்டுப் போனால் திட்டுவார்கள். மார்ச்சிலிருந்து ஜூலை வாக்கில் சீனக் கொய்யா பழுக்கும்போது வாரக்கடைசியில் பிளேன் ஷாம்பாஞ் ஓரமெல்லாம் கார். பழம் பறிக்க இறங்குபவர் பின்னால் பார்த்துக் கதவைத் திறப்பதில்லை. நின்ற காரைத் தாண்டும்போது ஒரு கதவளவு தள்ளி ஓட்டுங்கள். அந்த மாதங்களில் அமைதிதான் வேண்டுமென்றால் வடக்கே போய்விடலாம்: மிட்லண்ட்ஸ் அணை, நூவேல் தெக்குவேர்த், அங்கிருந்து காட்டு வளைவுகளில் லா நிக்கோலியேர் நீர்த்தேக்கம். வேன் குறைவு. ஆனால் அந்த இறக்கம் செங்குத்து, ஆலன்கீ சொன்ன பிரேக் பாடம் அங்கே அப்படியே பொருந்தும்.

மழைக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

—

இரட்டைமிதி:

எல்லோருக்கும் நன்றி. திசையைத் திருப்பியாச்சு. அக்கா சைக்கிளில் ரிவெட்தான், ஆகையால் சாமான் என் பக்கம் வருகிறது. மக்காபேயும் இல்லை, மார் லோங் மட்டும். மழை பற்றி நானும் காத்திருக்கிறேன். நீளமான ரெயின்கோட் போதுமா? இரவெல்லாம் நனைந்த சாமான் எப்படிக் காயும்?

—

தேயிலைமேடு எழுதியது:

நீளமான ரெயின்கோட் வேண்டாம் தம்பி. பின்சக்கரத்தில் சிக்கும், ஏற்றத்தில் உள்ளே வியர்த்து மழையில்லாமலே நனைவீர்கள். இடுப்பு வரை வரும் மெல்லிய ஜாக்கெட், அக்குளில் ஜிப் இருந்தால் நல்லது. ஏறும்போது கழற்றிவிடுங்கள், நனைந்தாலும் உடம்புச் சூடு காப்பாற்றும். லெ பெத்ரானில் இறக்கம் தொடங்குமுன் காய்ந்த பனியன் மாற்றி அதன்மேல் ஜாக்கெட். இந்த ஒரு பனியனைக் காலையிலிருந்து தனி நெகிழிப்பையில் முடிந்து வைத்திருங்கள், வேறெதற்கும் எடுக்காதீர்கள். ஆகஸ்டில் மேட்டில் வெயிலில்லாத நாள் கடற்கரைக்காரருக்கு உண்மையிலேயே குளிரும். ஈரத்தோடு 12 கி.மீ. இறங்கினால் விரல் மரத்து பிரேக் பிடி தெரியாது. கையுறையும் ஒரு ஜோடி.

பைக்குள் தடித்த குப்பைப்பை ஒன்றை விரித்து, சாமானை வைத்து, வாயை முறுக்கி மடித்துக் கட்டுங்கள். வெளியுறை நீர்புகாது என்று எழுதியிருந்தாலும் தையலில் ஊறும். இரவில் காயப்போட நம்பாதீர்கள், கரையில் காற்றே உப்பு ஈரம். ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, படுக்குமுன் ஒருமுறை மாற்றினால் காலையில் போட்டுக்கொள்ளலாம்.

—

ஆலன்கீ எழுதியது:

மழையில் ஓட்டி முடித்த இரவு சைக்கிளுக்குச் செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காமல் குவளையால் ஊற்றி ரிம்மையும் செயினையும் கழுவுங்கள். பிரேக் கட்டையை ஊசியால் குத்திப் பாருங்கள், செம்மண் மணலும் ரிம் அலுமினியத் துணுக்கும் அதில் பதிந்திருக்கும். நோண்டி எடுக்காவிட்டால் மறுநாள் அதுவே ரிம்மைச் சீவும். செயினைத் துணியால் துடைத்து, கணுவுக்கு ஒரு சொட்டு ஈரக்கால எண்ணெய், கால் மணி கழித்து வெளியில் நிற்கும் எண்ணெயை மறுபடி துடையுங்கள். டிஸ்க்கில் எண்ணெய்க் கை படாமல், ரோட்டர் பக்கம் துணியால் மூடிக்கொண்டு. வி-பிரேக் ஈரத்தில் முதல் ஒன்றிரண்டு சுற்றுக்குப் பிடிக்காது, தண்ணீரை வழித்த பிறகே பிடிக்கும். ஆகையால் லெ பெத்ரான் இறக்கத்தில் அக்கா நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்பே லேசாகத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொள்ளட்டும், நீங்கள் டிஸ்க் வைத்திருக்கும் தைரியத்தில் அவருக்கு முன்னால் போய்ச் சட்டென்று நிறுத்தாதீர்கள்.